ஒரே ஒரு சின்ன விவரம்

சுடலைமணி அண்ணாச்சியின் தூக்குச்சட்டி இன்னும் கட்டுப்பாட்டு அறைச் சர்வர் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

காலையில் வந்ததும் அதை அங்கே வைத்துவிட்டு வால்வு பார்க்கப் போவது அவர் வழக்கம். கோடி கோடியாகக் கொட்டி வாங்கிய பெட்டியால் கண்ட ஒரே பலன், மத்தியானம் வரைக்கும் மீன்குழம்பு ஆறாமல் இருப்பதுதான் என்பார். அடைமழையானாலும் சரி, துறைமுகத்தில் புயல் கொடி ஏறினாலும் சரி, சோற்றுக்கு மட்டும் தவறாமல் வந்துவிடுவார். இன்றைக்கு ஆலையில் எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் சட்டி திறக்கப்படாமல் இருந்தது. பார்க்கப் பார்க்க பிரிசில்லாவுக்கு அது சரியாகப் படவில்லை.

அவருடைய கைபேசிக்கு அழைத்தாள். வேறொரு அழைப்பில் இருப்பதாகச் சொன்னது. சற்றுப் பொறுத்து மறுபடி அழைத்தாள், அதே பதில். பொண்டாட்டியிடமே ‘ம், சரி, வையி’ என்று முடித்துக்கொள்கிற மனுஷன், யாரோடு இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறார்? அவள் தடத்தில் அவர் பெயரைத் தேடினாள்.

தடம் என்பது அந்த ஆலையின் டிக்கெட் முறை. தூத்துக்குடிக்குத் தெற்கே, கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கிச் சுற்றுப்பட்டு ஊர்களுக்கு அனுப்புகிற ஆலை அது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஊரில் ஒருவர் சொன்னாலும், பம்ப் சூடாகிறது என்று உள்ளே ஒருவர் சொன்னாலும் தடத்தில் ஒரு டிக்கெட்டாகப் பதிவாகும். டிக்கெட் இல்லாமல் அங்கே ஓர் ஆணி அசையாது. கதவு திறக்க, பம்பை நிறுத்த, மீட்பு ஆட்கள் கிளம்ப, எல்லாவற்றுக்கும் தடம்தான் உத்தரவு கொடுக்க வேண்டும். முன்பு கடல் மதகை மூட ஒரு கைச்சக்கரம் இருந்தது. தடம் வந்த வருஷமே அதைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

சுடலைமணியின் பெயரில் ஒரு டிக்கெட் திறந்திருந்தது. வகை, உயிர் ஆபத்து. நிலை, பதிலுக்குக் காத்திருப்பு.

பிரிசில்லா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கடலோரத்து மூன்றாம் வால்வு அறையில் கசிவு பார்க்க இறங்கியிருக்கிறார். தரையில் தண்ணீர் பட்டதும் பக்கத்து அறை மோட்டார்களைக் காப்பாற்றுவதற்காக இரும்புக் கதவு தானே மூடிக்கொண்டிருக்கிறது. உள்ளே ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதெல்லாம் கதவுக்குத் தெரியாது. அவர் தடத்தை அழைத்திருக்கிறார். அவர் பேசுவதும் அது பேசுவதும் எழுத்தாகித் திரையில் ஓடிக்கொண்டிருந்தன.

‘உடனே ஆள அனுப்பிருதோம் அண்ணாச்சி. ஒரே ஒரு சின்ன விவரம் மட்டும் சொல்லிருங்க. எந்த ரூம்?’

‘மூணாவது ரூம். தண்ணி கணுக்கால் வரைக்கும் வந்துட்டு.’

‘நல்லது அண்ணாச்சி. ஒரே ஒரு சின்ன விவரம் மட்டும். தண்ணி கலங்கலா இருக்கா, தெளிவா இருக்கா?’

‘கலங்கல். முழங்கால் வரைக்கும் வந்துட்டு.’

‘நல்லது அண்ணாச்சி. ஒரே ஒரு சின்ன விவரம் மட்டும். கதவுல என்ன நம்பர் எழுதியிருக்கு?’

அப்படியே நீண்டுகொண்டு போயிற்று. அவர் பொறுமையாக ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியிருந்தார். கடைசி பதிலில் தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. தண்ணீர் ஏறுவது பிரிசில்லாவுக்கு ஒரு பயம் என்றால், அந்த வாக்கியம் இன்னொரு பயம். அது அவளுடைய வாக்கியம்.

தடம் வந்த புதிதில் அதைச் சொல்லிக்கொடுக்கச் சென்னையிலிருந்து கீர்த்தனா என்று ஒரு பெண் வந்திருந்தாள். அப்போது புகார்ப் பிரிவில் அறை நிறைய ஆட்கள். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரு கெடு உண்டு, கெடுவுக்குள் முடித்தால் பச்சை, நெருங்கினால் மஞ்சள், தாண்டினால் சிவப்பு என்று அவள் விளக்கினாள். சிவப்பு கூடினால் சம்பள உயர்வு கிடையாது. பிறகு போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள்: புகாரில் ஏதாவது விவரம் குறைந்தால் புகார் கொடுத்தவரிடம் கேளுங்கள், அவர் பதில் சொல்லும்வரை கெடு ஓடாது. ஒரு வாரப் பாடத்தில் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. இதை மட்டும் அத்தனை பேரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

வழி கண்டுபிடித்தவள் பிரிசில்லா. டிக்கெட் மஞ்சளானதும் போனை எடுப்பாள். உடனே ஆள அனுப்பிருதோம், ஒரே ஒரு சின்ன விவரம் மட்டும் சொல்லிருங்க என்பாள். கடிகாரம் நின்றுவிடும். பொய் இல்லை, களவு இல்லை, கேள்விதானே கேட்டோம் என்று அவளுக்கு ஒரு சமாதானம். குரல் வேறு தேனாக இருக்கும், கேட்கிறவருக்குக் கோபமே வராது. கீர்த்தனாகூட அதில் மயங்கி, கருவியைச் சோதிக்க வேண்டும் என்று மைக்கைக் கொடுத்துப் பக்கம் பக்கமாக வாசிக்க வைத்தாள். கூட இருந்தவர்கள் அவளுக்கு ரேடியோ என்று பேர் வைத்துச் சிரித்தார்கள். அந்த வருஷம் சிவப்பே இல்லாத பிரிவு என்று அவர்களுக்குக் கேடயம் கிடைத்தது.

தடம் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்துப் படிப்பதுதான் அதன் வேலையே. கொஞ்ச நாளில் அது தானே கேள்வி கேட்கத் தொடங்கியது, மஞ்சளாகும் வரைகூடக் காத்திருப்பதில்லை. நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கணக்காக, கடைசியில் மேற்பார்வை என்ற பெயரில் பிரிசில்லா ஒருத்தி மட்டும் மிஞ்சினாள். இத்தனை நாள் அவளும் பச்சையைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தாள்.

இப்போது அவர் பெயரில் அவளே பதில்களை அடித்தாள். ‘கதவைத் திற. பம்பை நிறுத்து. ஆள் சாகப் போகிறார்.’ நல்லது என்றது தடம், ஒரே ஒரு சின்ன விவரம் கேட்டது. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டாள். கிளம்பிவிட்டோம் என்றார்கள், ஆனால் ஊரிலிருந்து வண்டி வரவேண்டும், நடுவில் ரயில்வே கேட் வேறு. திரையில் அவருடைய அடுத்த பதில் வந்து விழுந்தது. வயிற்றுக்கு மேலே வந்துட்டு.

அவள் செருப்பைக்கூடப் போடாமல் விருந்தினர் மாளிகைக்கு ஓடினாள்.

அங்கே அன்றைக்கு ஆலையில் பணம் போட வந்திருந்த வெளிநாட்டுக் குழுவுக்கு விருந்து. சன்னலுக்கு வெளியே கடல் மினுங்கியது. தூரத்துப் பம்புகளின் உறுமல் எப்போதும்போலக் கேட்டுக்கொண்டிருந்தது. மேலாளர் தணிகைவேல் வாசலிலேயே அவளைக் கையமர்த்தினார். அவள் மூச்சிரைக்கச் சொல்லி முடித்ததும் அவர் முகம் வெளுத்தது. கல்நெஞ்சக்காரர் அல்ல, பயந்தவர்.

“அவசரம்னு மாத்திப் போட்டீங்களா?” என்றார்.

“உயிர் ஆபத்துன்னுதான் சார் கெடக்கு. அதுக்கு மேல என்னத்தப் போட?”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “அதுதான் பிரச்சனையே. உயிர் ஆபத்துக்குத்தான் கெடு ரொம்பக் கம்மி. கெடு கம்மின்னா சிவப்பு சீக்கிரம் வந்துடும். சிவப்பு வரக்கூடாதுன்னா அது என்ன பண்ணும்? முதல்ல அதைத்தான் நிறுத்தி வைக்கும். குழாய் சொட்டுதுன்னு போட்டிருந்தாக்கூட இந்நேரம் யாராவது போயிருப்பாங்க.”

“மீட்பு ஆளுங்க எங்க?”

“பீச்ல. கெஸ்ட் படகுல போறாங்கன்னு நிக்க வெச்சிருக்கோம். டிக்கெட் வராம அவங்க வண்டி ஸ்டார்ட் ஆகாது.”

அவள் பேசப் பேச அவரும் தன் கைபேசியில் எதையோ அடித்துக்கொண்டே இருந்தார். கடல் பம்பை நிறுத்தத் தலைமை அலுவலகம் அனுமதி தரவேண்டும், அங்கேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றார். திரையை அவள் பக்கம் திருப்பினார், அங்கேயும் தடம்தான் பேசியது. ‘உடனே பண்ணிருதோம் சார். ஒரே ஒரு சின்ன விவரம் மட்டும் சொல்லிருங்க.’

பிரிசில்லாவுக்கு அந்த நிமிஷம் அவர் மேல் இருந்த கோபம் வடிந்து, தன் மேலேயே திரும்பியது. உள்ளே பார்த்தாள். ஒரு வெள்ளைக்காரர் தன் தட்டுக்குப் பக்கத்தில் இருந்த டேப்லெட்டைத் தொட்டு என்னவோ சொன்னார். சொல்லி வாய் மூடுவதற்குள் அறையின் ஏசி இன்னும் கொஞ்சம் குளிர்ந்தது.

“அவரு கேட்டா மட்டும் கேள்வி கேக்காமச் செய்யுதே, எப்படி?”

தணிகைவேல் தலையைக் குனிந்துகொண்டார். “கெஸ்ட்டைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நான்தான் போட்டேன். அவங்க டிக்கெட்ல மட்டும் கேள்வியே வராது. எது கேட்டாலும் உடனே.”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்த டேப்லெட்டைப் பார்த்தார்கள்.

“வேணாம் பிரிசில்லா” என்றார் அவர், மெல்ல. “இன்னைக்குக் கையெழுத்து. பம்ப் நின்னுச்சுன்னா எல்லாம் போச்சு. உங்க வேலையும் போயிடும், என் வேலையும் போயிடும்.”

“நான் எடுக்கேன் சார். நீங்க அந்தப் பக்கமாப் பாத்துக்கிடுங்க.”

அவர் அசையாமல் நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, பரிமாறும் மேசையிலிருந்து மக்ரூன் தட்டை எடுத்துக்கொண்டு நேரே அந்த வெள்ளைக்காரரிடம் போனார். தூத்துக்குடிக்கு வந்து இதைத் தின்னாமல் போனால் பாவம் என்று ஆங்கிலத்தில் பெரிதாக ஆரம்பித்து, அவரைச் சன்னல் பக்கம் நடத்திக்கொண்டு போனார். ஆள் திரும்பியதும் பிரிசில்லா டேப்லெட்டை எடுத்துத் தூண் மறைவுக்குப் போனாள்.

விருந்தாளியைப் போல எழுத வேண்டும். விருந்தாளி யாருடைய உயிரையும் பற்றிக் கவலைப்படமாட்டார்.

‘கடல் பக்கத்துப் பம்புகளின் சத்தம் தாங்கவில்லை. நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. நிறுத்தவும்.’

‘வருந்துகிறோம்’ என்றது தடம். ஒரு கேள்வி கிடையாது. அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த உறுமல் மெல்லத் தணிந்து நின்றது. பம்ப் நின்றால் மதகு தானே இறங்கும். கடல் இனி உள்ளே வராது. ஆனால் வந்த தண்ணீர் வந்ததுதான், கதவு மூடியே கிடக்கிறது. அவள் மறுபடி எழுதினாள்.

‘மூன்றாம் வால்வு அறையை இப்போதே பார்க்க ஆசை. கதவைத் திறந்து வைக்கவும். தரை ஈரமாக இருந்தால் கைபிடித்து அழைத்துப்போக மீட்பு ஆட்களை அங்கே அனுப்பவும்.’

‘மகிழ்ச்சி. கதவு திறக்கப்படுகிறது. மீட்புக் குழு புறப்பட்டுவிட்டது. உங்கள் வசதியே எங்கள் பெருமை.’

டேப்லெட்டை மேசையில் போட்டுவிட்டு ஓடினாள். பின்னால் எல்லோரும் ஏன் இவ்வளவு அமைதி என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தணிகைவேலின் குரல் இன்னும் மக்ரூனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. ஓடுகிற வழியில் தன் கைபேசியில் அண்ணாச்சியின் டிக்கெட்டைத் திறந்து பார்த்தாள். கடைசியாக அவர் சொன்னது, நெஞ்சு. அதற்கப்புறம் தடம்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணாச்சி, இருக்கியளா? அண்ணாச்சி, ஒரே ஒரு சின்ன விவரம். பதில் இல்லை. ‘மாதாவே, மாதாவே’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மணலில் கால் புதையப் புதைய ஓடினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது படிக்கட்டின் அடியில், திறந்த கதவு வழியே தண்ணீர் பக்கத்து அறைக்குள் அருவியாய்ப் பாய்ந்துகொண்டிருந்தது. ஆரஞ்சு உடுப்புக்காரர்கள் ‘கெஸ்ட் எங்கே, கெஸ்ட் எங்கே’ என்று குழம்பி நின்றார்கள். உள்ளே கை காட்டினாள். இரண்டு பேர் இறங்கினார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

சுடலைமணியைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து மணலில் உட்காரவைத்தார்கள். உதடு நீலம் பாரித்து, பல் தந்தியடித்தது. ஆனால் கண் திறந்திருந்தது. ஈரம் சொட்டும் கைபேசியை வலதுகையில் இறுகப் பிடித்திருந்தார், பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. பிரிசில்லா அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து அழுதுவிட்டாள். சந்தோஷம்தான், அதை மறைக்க அவளுக்குத் தோன்றவும் இல்லை.

கொஞ்சம் நடுக்கம் அடங்கியதும் அவர் அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

“செத்தேம்னுதான் நெனச்சேன் தங்கச்சி. பொண்டாட்டிட்ட ஒரு வார்த்த பேசிருவமான்னு இருந்துச்சு. நீங்க லைன்ல இருக்கீய, நடுவுல வச்சிட்டா நல்லாருக்காதேன்னு வைக்கல.”

அவளுக்கு முதலில் புரியவில்லை. “நான் எங்க அண்ணாச்சி லைன்ல இருந்தேன்?”

“நீங்கதான கேட்டுக்கிட்டே இருந்தீய. கதவு நம்பரு என்ன, தண்ணி கலங்கலான்னு. வேற யாரும் கேட்டிருந்தா எப்பவோ வஞ்சு போட்டு போன வச்சிட்டு நாலு பேரக் கூப்பிட்டிருப்பேன். பிரிசில்லா கேக்கான்னா காரணம் இல்லாம இருக்காதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்.” அவர் மூச்சு வாங்கினார். “கடேசில போன் நனைஞ்சு போச்சு. பதில் சொல்ல முடியல. தப்பா எடுத்துக்கிடாதீய.”

பசிக்குது, அந்தத் தூக்குச்சட்டிய யாராவது எடுத்துட்டு வாங்கடே என்று அவர் சொன்னதைச் சாக்கிட்டுப் பிரிசில்லா எழுந்து நடந்தாள். ஆலை வாசலைத் தாண்டும்போது தீயணைப்பு வண்டி வெளியே நிற்பது தெரிந்தது. உள்ளே விடுவதற்கு முன்பு தடம் அவர்களிடம் ஏதோ விவரம் கேட்டுக்கொண்டிருந்தது.

கட்டுப்பாட்டு அறையில் சட்டியை ஓர் ஆளிடம் கொடுத்தனுப்பிவிட்டுத் திரைக்கு முன் உட்கார்ந்தாள். விருந்தினர் டிக்கெட்டுகள் இரண்டும் பச்சையாக முடிந்து, எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று காத்திருந்தன. சுடலைமணியின் டிக்கெட் அப்படியே இருந்தது. உரையாடலின் ஓரத்தில் ஒலிபெருக்கிப் படம் ஒன்று உண்டு. எழுத்தாகத்தான் எல்லாம் வருகிறதே என்று அவள் அதை ஒருநாளும் தொட்டதில்லை. இப்போது தொட்டாள்.

‘உடனே ஆள அனுப்பிருதோம் அண்ணாச்சி.’

தேன் போன்ற குரல். அவளே பேசினால்கூட இவ்வளவு கனிவாக வராது. கீர்த்தனா நீட்டிய மைக்கும், பக்கம் பக்கமாக வாசித்த காகிதங்களும், ரேடியோ என்று சிரித்தவர்களும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தார்கள். எழுந்து போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தாள்.

பிறகு பதிலுக்குக் காத்திருப்பவை எல்லாவற்றையும் திறந்தாள். உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தன, அடியைக் காணோம். உயிர் ஆபத்து என்று இருந்தவற்றை மட்டும் பிரித்து, எல்லாவற்றிலும் பழையதைத் தொட்டாள். பள்ளிக்கூட வாசலில் குழாய் பதிக்கத் தோண்டிய குழி மூடாமல் கிடக்கிறது, பிள்ளைகள் விழப் பார்க்கிறார்கள் என்று ஒரு பெண் கொடுத்த புகார். மனப்பாட்டுக்குப் பக்கத்து ஊர், பெயர் சந்தனமாரி. பிரிசில்லா தன் சொந்தக் கைபேசியிலிருந்து அழைத்தாள்.

“அக்கா, தண்ணி ஆலையில இருந்து பேசுதேன்.”

“தெரியுதுல்லா, இந்தக் குரல் மறக்குமா?” என்றாள் அந்தப் பெண். கோபமில்லை, களைப்புதான். “குழியோட அகலம் சொல்லியாச்சு. ஆழம் சொல்லியாச்சு. பக்கத்துல என்ன மரம் நிக்குதுன்னும் சொல்லியாச்சு. இப்ப என்ன விவரம் வேணும்?”

“விவரம் ஒண்ணும் வேண்டாம்க்கா. நானே நேர்ல வாரேன். இப்பவே கெளம்புதேன்.”

மறுமுனையில் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது.

“போன வாரமும் இதேதான் சொன்னீய” என்றாள் சந்தனமாரி.